கொட்டகையில் நின்ற ஜிப்ஸி: எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கொட்டகையில் சில ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த 2006-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங் வண்டியை வாங்கியிருக்கிறீர்கள். ஓட்டத் தொடங்கியதும் ஐந்து சத்தங்கள் கேட்கின்றன. காலையில் முதல் சில கிலோமீட்டருக்குத் 'தொம் தொம்' என்ற அதிர்வு. ஊர்ந்து போகும்போது 'கீச் கீச்' என்ற ஒலி. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் அடியில் 'டக்' என்ற அடி. 50-க்கு மேல் போனால் நிற்காத ஒரு முழக்கம். எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் 'நான்கு சக்கர ஓட்டத்தில்' போட்டு வளைத்தால் முன்பக்கம் 'கட கட'. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள், இன்னொரு பட்டறையில் பின் கிரவுன் பினியனை (ஷாஃப்டில் வரும் விசையைப் பின் அச்சுக்குத் திருப்பும் பல்சக்கர இணையை) மாற்றச் சொல்கிறார்கள். இரண்டில் எதைச் செய்வது என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் ஐந்தும் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல. முதல் இரண்டும் வண்டி நெடுநாள் நின்றதால் வந்தவையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஐந்தாவது, நீங்கள் எந்தத் தரையில் வளைத்துப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பழுதாகவும் இருக்கலாம், பழுதே இல்லாமலும் இருக்கலாம். மீதமுள்ள 'டக்'கையும் முழக்கத்தையும் கண்டுபிடிக்க வேண்டிய சோதனைகளுக்கு ஒரு ஜாக்கியும், இரண்டு ஸ்டாண்டும், உதவிக்கு ஓர் ஆளும், புது கியர் எண்ணெயும் போதும். பாகத்தை மாற்றிப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது பழைய வண்டிக்குச் செய்யும் கெடுதல் என்பது என் உறுதியான எண்ணம். தொழிற்சாலையில் ஒன்றோடொன்று பொருந்தி ஓடிப் பழகிய பல்சக்கரங்களை ஒருமுறை பிரித்துவிட்டால், அதே பொருத்தத்தில் மறுபடி கோக்கும் கை எல்லாப் பட்டறையிலும் இருப்பதில்லை.

முதலில் இந்த வண்டியின் இயல்பான சத்தம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜிப்ஸி 1985-இல் 970 சி.சி. எஞ்சினோடு வந்தது, உங்களிடம் உள்ள கிங் வகை 1996-இல் 1298 சி.சி. எஞ்சினோடு வந்தது. இரண்டிலும் டிரான்ஸ்பர் கேஸ், அதாவது விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பல்சக்கரப் பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, ரப்பர் மவுண்டிங்குகளின்மேல் வண்டியின் அடிச்சட்டத்தில் தொங்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டையான ஷாஃப்ட் இருக்கும். சாதாரண இரு சக்கர ஓட்டத்தில்கூட எஞ்சினின் விசை அந்தப் பெட்டிக்குள்ளிருக்கும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் பின் அச்சுக்குப் போகிறது. ஆகவே கார் ஓட்டிப் பழகியவருக்கு ஜிப்ஸியின் அடியில் மெல்லிய ரீங்காரம் எப்போதும் கேட்கும். அது பழுது அல்ல. பழைய ஜீப் வகை வண்டிகளிலும் டிரான்ஸ்பர் கேஸ் பல்சக்கரங்களால் ஓடுவதால் இதே கதைதான். நல்ல நிலையிலுள்ள வேறொரு ஜிப்ஸியில் அரை மணி நேரம் உட்கார்ந்து போய்வர முடிந்தால் போய்வாருங்கள். உங்கள் காதுக்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது.

அடுத்தது, சத்தம் எதைப் பின்பற்றுகிறது என்று பார்ப்பது. எஞ்சின் வேகத்தையா, சாலை வேகத்தையா, ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்தையா, ஸ்டியரிங் திருப்பத்தையா, மேடுபள்ளத்தையா என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காலை 5 மணியளவில் கூட்டமில்லாத நேரான சாலையில், உதாரணமாகக் காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் வழியில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு 50-இல் ஒரே சீராக நான்காம் கியரில் போங்கள். பிறகு அதே 50-இல் மூன்றாம் கியருக்கு வாருங்கள். எஞ்சின் வேகம் கூடிவிட்டது, சாலை வேகம் மாறவில்லை. சத்தத்தின் சுருதி உயர்ந்தால் அது எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றைச் சேர்ந்தது. சுருதி அசையாமல் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால், அதாவது டிரான்ஸ்பர் கேஸ், ஷாஃப்டுகள், டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), சக்கர பேரிங், டயர் ஆகியவற்றில் ஒன்று. அடுத்து, கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிடுங்கள். அப்போதும் சத்தம் அப்படியே இருந்தால் விசையோடு தொடர்பில்லாத டயரையோ பேரிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனையில் எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரின் உதவி இரண்டு மூன்று மிதிகளோடு தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உங்கள் டயர் பழைய எஃப்78-15 அளவாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றும். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் சுற்றும். ஆகவே 20-இல் போகும்போது எண்ணிவிடக்கூடிய நிதானத்தில் வரும் தட்டல் சக்கரத்தில் இருப்பது: டயர், பிரேக் டிரம், டிஸ்க், தளர்ந்த வீல் நட். எண்ண முடியாத வேகத்தில் படபடவென்று வருவது ஷாஃப்டிலோ அதன் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸிலோ பினியனிலோ இருப்பது. பட்டறைக்குப் போய் 'அடியில் சத்தம்' என்று சொல்வதைவிட, 'சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது' என்று சொன்னால் மெக்கானிக் கழற்றத் தொடங்கும் இடமே மாறிவிடும்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உங்கள் ஊரே ஒரு வசதி தருகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. பக்கவாட்டில் நெடுந்தூரம் சன்னல் குறைந்த உயரமான சுவர்தான். அப்படிப்பட்ட சுவரை இடப்பக்கம் நெருக்கமாக வைத்து 15 அல்லது 20 வேகத்தில் ஒருமுறை போங்கள். திரும்பி வரும்போது அதே சுவரை வலப்பக்கம் வையுங்கள். சுவர் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், எந்தப் பக்கம் சுவர் இருக்கும்போது சத்தம் கூர்மையாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் பாருங்கள். வண்டிக்குள் கேட்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஜிப்ஸியின் உடல் திறந்த தகரப் பெட்டி. பின்னால் எழும் சத்தம் முன்னால் கேட்பது சாதாரணம். கைப்பேசி இரண்டு இருந்தால் ஒன்றைப் பின் இருக்கைக்குக் கீழும் ஒன்றை முன் காலடியிலும் வைத்து ஒரே நேரத்தில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஜாக்கி, ஸ்பானர், உதிரிச் சக்கரம் தாங்கும் பிராக்கெட், கூரைக் கம்பிகள், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் இறுக்கியோ இறக்கியோ விடுங்கள். சைலன்சர் தொங்கும் ரப்பரைக் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் அச்சைச் சந்தேகிப்பதில் பொருளில்லை.

இனி எண்ணெய். உங்கள் வண்டி விஷயத்தில் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பது இதைத்தான். கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு தனித்தனி அறைகள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, நான்கையும் நான்கு தனிப் பாத்திரங்களில் வடியுங்கள். நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் போல்ட்டை அதன் பிறகே தொடுங்கள். நிரப்பும் போல்ட் துருப்பிடித்து வர மறுத்தால், எண்ணெயை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும். வடிந்த எண்ணெயைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட் முனையில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் தேய்க்கும்போது செதில் செதிலாகவோ ஊசி முனையாகவோ உலோகம் நெருடினால் அந்த அறையைத் திறக்கத்தான் வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயில் பொன்னிறப் பொடி மினுங்கினால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. எண்ணெய் மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் புகும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கண்மாய்ப் பாதையில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது. ஒவ்வொரு அச்சின் மேலும் காற்றுப் போக்கி ஒன்று உண்டு. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். போக்கி அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரில் இறங்காவிட்டாலும், போக்கி அடைபட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் வழியே கசிந்து, அளவு குறைந்து, பல்சக்கரம் முழங்கத் தொடங்கும். நம் பக்கத்துச் செம்மண் தூசி போக்கியை அடைப்பதற்குப் போதுமானது. கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியும் அடைத்திருக்கலாம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.

புது எண்ணெய் ஊற்றும்போது, டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 தரம், கியர்பாக்ஸுக்கு வண்டியின் கையேடு சொல்லும் தரம். 'ஒரே டின்னில் எல்லாவற்றுக்கும் ஊற்றிவிடலாம்' என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஜி.எல்.-5 எண்ணெயில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சில வகை கியர்பாக்ஸுகளின் பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாதவை. அளவு, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எண்ணெய் மாற்றி 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முழக்கம் பாதியாகக் குறைந்துவிட்ட வண்டிகள் பல உண்டு. குறையாவிட்டாலும், நான்கு பாத்திரங்களில் எது கெட்டுக் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் ஐந்து சத்தங்களுக்கு வருகிறேன்.

காலையில் 'தொம் தொம்' என்று கேட்டுச் சில கிலோமீட்டரில் மறைவது, டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையானதன் அடையாளம். ரப்பர் சூடேறியதும் ஓரளவு வட்டத்துக்குத் திரும்பும், அதனால் மறைகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்தாண்டைத் தாண்டியிருந்தால் கோடுகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இது சத்தத்துக்காகச் சொல்வதல்ல, உயிருக்காகச் சொல்வது. நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும்.

'கீச் கீச்' பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் காய்ந்துபோனதால் வருவது. ஊர்ந்து போகும்போது கேட்டு, வேகம் கூடியதும் மறைவது அதன் வழக்கம். மறைந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபடுகிறது. கிராஸில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் அடியுங்கள். நான்கு மூடிகளின் ஓரத்திலும் கிரீஸ் பிதுங்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்த மூடி வறண்டு கிடக்கிறது, அந்தக் கிராஸை மாற்றுவதே முறை. மூடியைச் சுற்றிச் சிவப்புப் பொடி தெரிந்தால் உள்ளே துரு அரைபடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நம் மண்ணே சிவப்பு. ஆகவே ஷாஃப்டை முழுக்கத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிய பிறகு பாருங்கள். அப்போதும் மூடி ஓரத்தில் மட்டும் சிவப்பு வளையம் தெரிந்தால் அது துருதான். கீச்சொலி பிரேக்கை லேசாகத் தொட்டதும் மாறினால், அது கிராஸ் அல்ல, பிரேக். சரளைப் பாதையில் ஓடும்போது டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல் சிக்கிக்கொண்டாலும் காது கூசும்படி கத்தும். சக்கரத்தைக் கழற்றிக் கல்லை எடுத்தால் தீர்ந்தது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் கத்தினால் பட்டை ஸ்பிரிங்கும், அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷும் காரணம்.

'டக்' கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது விசையின் திசை மாறுகிறது. கிளட்ச் முதல் சக்கரம் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கும் சிறு சிறு இடைவெளிகள் ஒரே நொடியில் மூடிக்கொள்கின்றன. புது வண்டியிலேயே கொஞ்சம் இருக்கும். இருபது வயது வண்டியில் எல்லா இடைவெளியும் கூடி ஓர் அடியாகக் கேட்கும். எந்த இணைப்பின் பங்கு பெரிது என்பதுதான் கேள்வி. எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுங்கள். கை பிரேக்கை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. சில பழைய நான்கு சக்கர ஓட்ட வண்டிகளில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலோ ஷாஃப்டைக் கழற்றினாலோ பிடிப்பே இல்லாமல் போய்விடும்.

பின் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருப்புங்கள். கிராஸை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவைகளில் ஒன்று அசைந்து மற்றது சிறிது தாமதித்து அசைந்தால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. இரண்டு கவைகளும் சேர்ந்து அசைய, டிஃபரன்ஷியல் பக்கத்து ஃபிளாஞ்சும் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டும்) கொஞ்சம் சுற்றினால், அது கிரவுன் பினியன் இடைவெளி. சிறிதளவு இருக்கத்தான் வேண்டும். அந்த ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சுற்றும் திசையில் இடைவெளி இருக்கலாம், மேல்கீழாக அசைவே இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது அல்லது பினியன் நட் தளர்ந்திருக்கிறது. அடுத்து, நீளும் சுருங்கும் ஸ்ப்லைன் இணைப்பைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் நடுவிலுள்ள குட்டை ஷாஃப்டையும் விடாதீர்கள், பலரும் மறப்பது அதைத்தான். கடைசியாக ஒரு கடப்பாரையை மரக்கட்டைமேல் ஊன்றி டிரான்ஸ்பர் கேஸை மெல்ல நெம்புங்கள். ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் பெட்டி முழுவதும் எழும்பும். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து வெடிப்பது இயற்கை; மவுண்டிங் கிழிந்தால் 'டக்'கும் வரும், குட்டை ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வும் வரும். உங்கள் 'டக்'குக்கு நான் முதலில் சந்தேகிப்பது இந்த மவுண்டிங்குகளைத்தான், அடுத்தது கிராஸ். கியர்பாக்ஸ் மூன்றாவதாகக்கூட வரவில்லை.

ஷாஃப்டை எதற்காகக் கழற்றினாலும், கழற்றும் முன் எல்லா இணைப்பிலும் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது. ஒரு கிராஸின் வேக ஏற்றத்தாழ்வை மறு கிராஸ் சமன்செய்ய முடியாமல், இல்லாத அதிர்வு புதிதாக வந்து சேரும். முந்தைய உரிமையாளர் காலத்திலேயே யாராவது அப்படி மாட்டியிருக்கவும் கூடும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

50-க்கு மேல் வரும் முழக்கத்துக்கு வருகிறேன். முதலில் டயரை விலக்குங்கள். கரடுமுரடான தாரிலிருந்து வழவழப்பான சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர். சாலை மாறியும் மாறாவிட்டால் பேரிங் அல்லது டிஃபரன்ஷியல். உள்ளங்கையால் டயரை ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறு பக்கம் ரம்பமாகக் குத்தினால் அந்த டயர் கட்டாயம் முழங்கும்.

பிறகு பேரிங். ஆளில்லாத அகலமான சாலையில் 50-இல் மெல்ல இடமும் வலமும் வளைந்து பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள்மேல் விழும். அப்போது முழக்கம் கூடினால் வலப்பக்க பேரிங், குறைந்தால் இடப்பக்கம். 20 கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவந்து, சக்கரங்களின் நடுவிலுள்ள நான்கு ஹப்புகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதுதான். முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங். நிற்காவிட்டால், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங். கிங்பின் போனதைக் கண்டுகொள்ளாமல், ஸ்டியரிங் உதறுகிறது என்று, உதறலைத் தணிக்கும் டாம்பரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உதறல் சில மாதம் மறைந்து திரும்ப வரும். பின் சக்கர பேரிங் போனால் டிரம்முக்குள் கியர் எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங் நனைந்திருக்கவும் கூடும். எனவே பின் டிரம்களைக் கழற்றிப் பார்க்காமல் கிரவுன் பினியனைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

டயரும் பேரிங்கும் நன்றாக இருந்து முழக்கம் தொடர்ந்தால் மட்டுமே டிஃபரன்ஷியல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, விட்டதும் நிற்பது பெரும்பாலும் பற்களின் முன்னோட்ட முகம் (முன்னே போகும்போது விசை தாங்கும் பக்கம்) தேய்ந்ததைக் காட்டும். விடும்போது மட்டும் ஊளையிடுவது பினியன் பேரிங்கின் இறுக்கம் போனதைக் காட்டும். நேரத்தில் பார்த்தால் பேரிங் மாற்றிச் சரியான இறுக்கம் வைப்பதோடு முடியும். இரண்டிலும் ஒரே மாதிரி கரகரத்தால் பேரிங்குகள். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, வளைவில் மட்டும் அரைத்தால் உள்ளிருக்கும் சிறிய பல்சக்கரங்கள். கியர்பாக்ஸைச் சந்தேகிக்கவும் ஓர் எளிய சோதனை உண்டு. ஜிப்ஸியின் ஐந்து கியர் பெட்டியில் நான்காவது நேரடிக் கியர். அதில் விசை, கியர்பாக்ஸுக்குள் கீழே ஓடும் துணைத் தண்டான கீழ்த்தண்டின் வழியாகப் போவதில்லை. மற்ற கியர்களில் எல்லாம் கத்தி, நான்காவதில் மட்டும் அடங்கினால் கீழ்த்தண்டின் பேரிங்குகளைப் பார்க்கலாம். நான்காவதிலும் உங்கள் முழக்கம் அப்படியே இருந்தால், கியர்பாக்ஸை இறக்கச் சொன்ன பட்டறைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை.

உங்கள் வண்டியின் முன் ஹப்பில், சக்கரத்தை அச்சின் உள்பாகங்களோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் திருகு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய உதவி. இரு சக்கர ஓட்டத்தில் இரண்டு ஹப்பையும் விடுவித்துவிட்டால் முன் அச்சின் உள்பாகங்களும் முன் ஷாஃப்டும் சுழலாமல் நிற்கும். இரு சக்கர ஓட்டத்திலேயே ஹப்பைப் பூட்டினால் அவை விசை இல்லாமல் சுழலும். விடுவித்தால் மறைந்து, பூட்டினால் வரும் சத்தம் முன் அச்சுக்குரியது. கருவி ஏதுமின்றிப் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும் சோதனை இது. ஹப் திருகு இல்லாத வண்டிக்காரர்கள் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அதில் முன் ஷாஃப்டு மட்டும் விலகும், முன் அச்சு சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

ஐந்தாவது சத்தம், 'கட கட'. தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு வளைத்தீர்களா? அப்படியென்றால் வண்டிக்குப் பழுதில்லை, செய்தது தவறு. இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். இளகிய மண்ணில் டயர் சற்றுச் சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். தாரில் சறுக்க முடியாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கடகடக்கும், லீவரும் வெளியே வர மறுக்கும். நேராகச் சில மீட்டர் பின்னால் வந்தால் முறுக்கு தளர்ந்து லீவர் வந்துவிடும். ஆகவே நீர் வற்றிய கண்மாயின் உள்வாயிலோ இளகிய செம்மண் பாதையிலோ இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஹப்பைப் பூட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஊர்ந்து ஒரு வட்டம் போடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். அங்கும் ஒரு சக்கரத்தின் பக்கம் சீராக 'டிக் டிக்' என்று கேட்டால் அந்தப் பக்கத்துச் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பிய நிலையிலும் விசையைக் கடத்தும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது. அதைத் திறக்கும் முன், அச்சின் முனையில் சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள உருண்டையின் பின்பக்கம் குழகுழவென்று எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் எண்ணெய் கிரீஸைக் கரைத்துவிட்டது. ஜாயின்ட்டோடு சீலையும் மாற்றாவிட்டால் புது ஜாயின்ட்டும் அதே வழியில் போகும்.

எஞ்சின் பக்கம் நீங்கள் எதுவும் குறை சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். நியூட்ரலில் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கும் சத்தம் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்ததும் தொடங்குவது கிளட்சின் ரிலீஸ் பேரிங். குளிரில் 'டிக் டிக்' என்று கேட்பது வால்வுகளை இயக்கும் டேப்பெட்டாகவும் இருக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிவாகவும் இருக்கலாம்; கசிவு என்றால் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது நல்ல முறை. ஆனால் தோளில் துண்டோடும் இடுப்பில் வேட்டியோடும் சுழலும் ஃபேன் அருகே குனியாதீர்கள். அடியாழத்திலிருந்து கனமான 'டொக் டொக்' கேட்டு, ஆயில் விளக்கும் மினுக்கினால் உடனே எஞ்சினை அணைத்து, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதேபோல ஹப் தொட முடியாமல் சுட்டாலோ, வீல் நட் தளர்ந்திருந்தாலோ, பினியன் ஃபிளாஞ்ச் மேல்கீழாக ஆடினாலோ, கிராஸின் மூடி நகர்ந்திருந்தாலோ அந்த நிமிடமே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஓடும்போது பின் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தினால் வண்டி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஊளையிடும் டிஃபரன்ஷியல், எண்ணெய் சுத்தமாக இருக்கும்வரை, பணம் சேரும்வரை காத்திருக்கும்.

இந்த வாரம் எண்ணெயையும் காற்றுப் போக்கிகளையும் முடியுங்கள். கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்து, மவுண்டிங்குகளை நெம்பிப் பார்த்து, பின் டிரம்களைக் கழற்றிப் பாருங்கள். பிறகு நான்கு செய்திகளை எனக்கு எழுதுங்கள்: பின் டிஃபரன்ஷியல் எண்ணெயில் என்ன இருந்தது, டயரின் நான்கு இலக்கம் என்ன, நான்காம் கியரில் முழக்கம் மாறியதா, ஹப்பை விடுவித்தபோது எந்தச் சத்தம் மறைந்தது. பின் அச்சைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பதில்கள் வந்த பிறகு சொல்கிறேன்.